நட்ட வயல்ல எறங்குன ஹீரோ

நேத்து எனக்கு வடையும் டீயும் வாங்கிக் குடுத்து வழியனுப்பி வெச்சீங்கல்ல, அப்ப உங்கள்ள ஒருத்தர் கேட்டீங்க: "அக்கா, இந்த வாள், மந்திரம், பூதம் கேமையெல்லாம் செஞ்சு பழம் தின்னு கொட்டை போட்டுட்டீங்க, ஆடறவங்களுக்கு உண்மையிலேயே எது முக்கியம்?" நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்களே அடிச்சுக்க ஆரம்பிச்சிட்டீங்க. ஒருத்தர் கதைங்கறீங்க. ஒருத்தர் சண்டைங்கறீங்க. கண்ணாடி போட்ட தம்பி, அடிச்சா கெடைக்கற பொருள்தான் முக்கியம்னு "லூட்டு, லூட்டு"ன்னு மேசையத் தட்டுறான். நான் "திட்டு"ன்னேன். எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சீங்க. ரைமிங்குக்கு சொன்னேன்னு நெனச்சிட்டீங்க போல. இல்லப்பா. சீரியஸாத்தான் சொன்னேன்.

எனக்கு வயசு முப்பது கூட ஆகல. ஆனா மணிக்கட்டு ரெண்டும் போச்சு. டாக்டர் மவுஸ தொட்டா கைய ஒடிப்பேன்ங்கற ரேஞ்சுல மெரட்டிட்டாரு, அதான் ரிட்டயர்டு. போன்ல கட்டைவிரலால தட்டறதுக்கு அவரு ஒண்ணும் சொல்லல. அதான் இத குரூப்புல போடறேன். எழுத்துப்பிழை இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க, கலாய்க்கறதா இருந்தா தனியா வந்து கலாய்ங்க.

நம்ம ஆபீஸ் அப்பவும் இப்டி ஏசியும் சோபாவுமா இருந்துச்சுன்னு நெனைக்காதீங்க. மன்னார்குடில மோட்டாருக்கு காயில் கட்டுற கடைக்கு மேல, ஷீட்டு போட்ட ரூம். கீழ வார்னிஷ் வாடை, மேல எங்க வேர்வை. மொத்தம் நாலே பேரு. ஆரம்பிச்சவர அண்ணேன்னுதான் கூப்புடுவோம், பேரப் போட்டா கோச்சுப்பாரு, அதனால இங்கயும் அண்ணேதான். கோட் அடிக்கறது முபாரக். கூத்தாநல்லூர்க்காரன், அத்தாவுக்கு மளிகைக்கடை, அண்ணன் குவைத்ல. மேப்பு வரையறது இளங்கோ. நன்னிலம் பக்கம், கோயில் நெலத்துல மூணு தலமொறையா குத்தகை வெவசாயம் பண்ற குடும்பம். கதையும் வசனமும் நான்.

கேம் என்னன்னா, மேக்கால மலைமேல ஒரு பூதம் ஒக்காந்துக்கிட்டு ஆத்த குடிச்சிருது. கீழ நாடெல்லாம் காயப் போவுது. ஹீரோ ஊர் ஊரா போயி, மந்திரம் கத்துக்கிட்டு, வாள் சேத்து, கடசில பூதத்த அடிக்கணும். கதை பழசுதான், ஆனா எங்க மேப்பு செம கெத்து. வேற கேம்ல எல்லாம் பைன் மரமும் பனியுமா இருக்கும். எங்களோடதுல வாய்க்கா, மதகு, வயலு, வரப்பு, நடவு நடற பொம்பளைங்க. இளங்கோ கண்ண மூடிக்கிட்டே வரைவான்.

மாசக்கணக்கா ஆடிப் பாத்தோம். பத்தாதுன்னு காலேஜ் ஜூனியர்ஸ கூப்பிட்டு "ஒடைச்சுக் காட்டுங்கடா"ன்னு போட்டி வேற. பாவிப்பசங்க, கோயில் கொளத்துல மாட்டுவண்டிய எறக்குனானுங்க. ஒருத்தன் அரமன கூரைமேல ஆட்டுக்குட்டிய ஏத்திட்டான், எப்டின்னு இன்னிக்கு வரைக்கும் முபாரக்குக்குத் தெரியாது. ஒரு பொண்ணு பூதத்தோட மூக்குக்குள்ள போயி மாட்டிக்கிச்சு. அத்தனையும் சரி பண்ணிட்டு, இனிமே எவன் வந்தாலும் ஒடையாதுன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னோம்.

அப்பதான் சென்னைலேர்ந்து, கேம வெளியிடற கம்பெனி ஆளு நேர்ல வந்தாரு. அவரு கையெழுத்து போட்டா கேம் வெளிய வரும். போடலன்னா கடைய மூடறோம். அண்ணே இதெல்லாம் பூசி மொழுகற ஆளு இல்ல. "போடலன்னா ஆளுக்கொரு தெசை. முபாரக்கு, உங்கண்ணன்கிட்ட விசாவுக்கு சொல்லி வெச்சிக்க. கவி, நீ சென்னைல எவனுக்காவது விளம்பரம் எழுது. இளங்கோ, நீ வயலப் பாரு"ன்னாரு. எங்க நாலு பேருக்கும் அந்த ரூம விட்டா வேற உலகம் கெடையாது. அதான் நெலம.

வந்தவரு நல்ல மனுஷன், அதையும் சொல்லிடறேன். ஷூவ மாடிப்படிலயே கழட்டிட்டுத்தான் உள்ள வந்தாரு. ஒக்காந்தாரு. ஆட ஆரம்பிச்சாரு. ஹீரோ ஊரு எல்லைல நிக்கறான். தூரத்துல பூதத்தோட மலை. நடுவுல பச்சைப் பசேல்னு வயலு, வரப்பு வளைஞ்சு வளைஞ்சு போவுது. மனுஷன் மலையப் பாத்தாரு, நேரா ஒரே அமுக்கு. ஹீரோ வரப்ப விட்டு எறங்கி, நட்ட வயலுக்குள்ள ஓடறான்.

"ஏய்ய்ய்!"

கேம்ல யாரும் கத்தல. நாங்க நாலு பேரும் ஒண்ணா கத்திட்டோம். சென்னைக்காரர் பதறிப்போயி கைய எடுத்துட்டாரு. அதுக்குள்ள ஹீரோ பூமிக்குள்ள போயிட்டான். கீழ தரையே இல்ல. கைய கால ஒதறிக்கிட்டு நீலக்கலர் சூனியத்துல விழுந்துக்கிட்டே இருக்கான். மேல வயலு பாய் விரிச்ச மாதிரி மெதக்குது.

"இத டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணோம் சார்"ன்னான் முபாரக்.

"யாருமே இங்க கால வெக்கலயா?"

எல்லாரும் இளங்கோவப் பாத்தோம். அவன் தலைய சொறிஞ்சான். "வயலுக்கு அடில தரை போடல சார்."

"ஏன் போடல?"

"யாரு சார் எறங்கப் போறா?"

"பூதத்துக்கிட்ட போறதுக்கு அதான் சார் நேர் வழி!"ன்னாரு சென்னைக்காரர்.

"நட்ட வயலு சார் அது."

"பிக்சல் சார் அது!"

அவரு கேக்கறது நூத்துக்கு நூறு நியாயம். ஆனா யோசிச்சுப் பாருங்க. அத்தன பேரு ஆடுனாங்க. கொளத்துல வண்டி எறக்குன பய கூட, பூதத்துக்கிட்ட போறப்ப வரப்ப சுத்திக்கிட்டுதான் போயிருக்கான். களை எடுக்க எறங்கலாம், உரம் போட எறங்கலாம். குறுக்குவழின்னு நட்ட வயல்ல கால வெக்கறது எங்களுக்குத் தோணவே இல்ல. அது ஒரு தப்புன்னு கூடத் தோணல. அப்டி ஒரு வழி இருக்கறதே கண்ணுக்குத் தெரியல. இதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல, ஆடறவன் எங்க போவான்னு தெரியாம கேம் செஞ்சா அது சொதப்பல்தான்.

சென்னைக்காரர் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சாரு. "நான் நாகப்பட்டினம் வரைக்கும் போறேன். வெள்ளிக்கெழம மத்தியானம் இதே வழியா வருவேன். அன்னிக்கு நான் எங்க போனாலும் கேம் தாங்கணும். தாங்கிச்சுன்னா கையெழுத்து."

அவரு படி எறங்குனதும் சண்டை ஆரம்பிச்சிருச்சு. முபாரக் சொல்றான், கண்ணுக்குத் தெரியாத சொவரு போட்டுறலாம், வரப்ப விட்டு எறங்கவே முடியாது, அரை நாள் வேலை, மேட்டர் ஓவர். இளங்கோ முடியாதுங்கறான். "வயல சுத்தி சொவரு எழுப்புறதுக்கா நான் வயல் வரைஞ்சேன்? தரை போடறேன், ஓடறவன் ஓடட்டும்."

"ஓடுனா பயிரு?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"மிதிச்சா கூட ஒண்ணும் ஆகாதா? அப்ப அது வயலா, பச்சைக் கம்பளமா?" இது நான்.

அண்ணே எப்பவும் நாங்க அடிச்சு முடிக்கற வரைக்கும் வேர்க்கடல உரிச்சுக்கிட்டு இருப்பாரு. கடசில தோல ஊதிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "இங்க யாராவது நெசத்துல எறங்கிருக்கீங்களாடா?"

நான் இல்லன்னேன். இளங்கோ அடிக்கப் போற மாதிரி பாத்தான். முபாரக் மட்டும் மெதுவா கையத் தூக்குனான்.

"நாங்க யாவாரக் குடும்பம்ணே, எனக்கு வயலப் பத்தி என்ன தெரியும். சின்னப் பயலா இருக்கறப்ப பந்து போயிருச்சு, எறங்கிட்டேன். நாத்து நட்டு ரெண்டு நாளுதான் ஆயிருக்கு போல. ஒரு அம்மா எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல. என்னா திட்டு! என் ஏழு தலமொறைய தோண்டி எடுத்துருச்சு. அதோட விட்டுச்சா? அத்தா கடைக்கு புளி வாங்க வர்றப்பல்லாம், 'ஏங்க பாய், நாத்து மிதிச்ச பய இவந்தானே'ன்னு கேக்கும். நான் காலேஜ் முடிச்சப்பறமும் கேட்டுச்சு. என் கூடப்பொறந்த லாத்தா நிக்காஹ்வுக்கு வந்து பந்தில ஒக்காந்துக்கிட்டு, 'நாத்து மிதிச்ச பய பரிமாறுறானா, எனக்கு கறி நெறையா வைக்கச் சொல்லு, அந்தக் கணக்கு இன்னும் நேராவல'ன்னுச்சுண்ணே!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் அண்ணே கேட்டாரு, "இப்ப அந்தம்மா எங்க?"

"இருக்குண்ணே. நோம்புக்கஞ்சி வாங்க வருசா வருசம் வரும். அதுக்குன்னு நான் தனியா தூக்குல எடுத்து வெப்பேன்."

அவ்ளோதான். முடிவாயிருச்சு. சொவரு போடணும்னு சொன்னவனே சொவர இடிச்சிட்டான். வயல்ல சொவரா இருக்கு? வயல்ல ஒரு பொம்பள இருப்பா. ஹீரோ எறங்கலாம், ஓடலாம், பயிரு சாயும். ஆனா செல்லக்கண்ணுன்னு ஒருத்தி வருவா. திட்டுவா. மறக்க மாட்டா. நீ மந்திரவாதியா ஆனாலும், ராஜாவே உனக்கு மால போட்டாலும், கூட்டத்துல நின்னுக்கிட்டு "நாத்து மிதிச்ச பய இவந்தானே"ம்பா. திட்ட நான்தான் எழுதுனேன், நானே கத்தி ரெக்கார்டும் பண்ணேன். கீழ காயில் கட்டுறவரு "மேல யாருக்குங்க என்னாச்சு"ன்னு ஸ்பேனரோட ஓடி வந்துட்டாரு. அத நான் விருதாத்தான் எடுத்துக்கறேன்.

இளங்கோ தரை போட ஆரம்பிச்சான். புதன்கெழம காலைல பாதில நிக்கறப்ப அவனுக்குப் போன். நன்னிலத்துலேர்ந்து அவங்க தங்கச்சி. "அண்ணே, வயல்ல மிஷினோட எறங்கிட்டாங்க."

அந்த வருஷம் நம்ம பக்கம் பூரா அதே பேச்சுதான், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பூமிக்கு அடில கேஸ் குழா பதிக்கறாங்கன்னு ஊருக்கு ஊரு அளவெடுத்து கல்லு ஊனுனாங்க. சொவத்துல ஒரு பக்கம் இந்தக் கட்சி கண்டிக்குது, மறுபக்கம் அந்தக் கட்சி கண்டிக்குது. ரெண்டு கரை வேட்டியும் வரப்புல நின்னு போட்டோ எடுத்துட்டு கார்ல ஏறிப் போயிடும். கல்லு மட்டும் நிக்கும்.

இளங்கோ அண்ணன பாத்தான். வெள்ளிக்கெழமைக்கு ரெண்டு நாளுதான், தரை பாதிதான் போட்டிருக்கு, அவன விட்டா அத முடிக்க ஆளே இல்ல. அண்ணே வண்டி சாவியத் தூக்கிப் போட்டாரு. "போ. வேற வண்டி புடிச்சு நேரத்த வீணாக்காத." இதையும் மனசுல வெச்சிக்கங்க. கேம் முக்கியமா வயல் முக்கியமான்னு அவரு ஒரு நிமிஷம் கூட பட்டிமன்றம் நடத்தல.

மறுநாள் மத்தியானம் இளங்கோ திரும்பி வந்தான். முழங்கால் வரைக்கும் சேறு காஞ்சு கெடக்கு. நேரா சிஸ்டம் முன்னாடி ஒக்காந்தான். நாங்க யாரும் கேக்கல. வேலை செஞ்சுக்கிட்டே அவனா சொன்னான்.

"நடவு நட்டு ஒரு வாரம்தான். நடுவுல அளக்கற மிஷினோட ஸ்டாண்ட வெச்சிக்கிட்டு ஒருத்தன் நிக்கறான். எங்கம்மா வரப்புல நின்னு காட்டுக் கத்து கத்துது. அவன் நிமுந்தே பாக்கல கவி. மிஷின்ல கண்ண வெச்சவன் வெச்சபடி. நான் போயி கேட்டேன். 'கோயில் நெலம் தம்பி, பேச வேண்டியவங்ககிட்ட பேசியாச்சு'ன்னான், அதையும் மிஷினுக்குள்ளயே சொன்னான். மூணு தலமொறையா நாங்கதான் அந்த மண்ணுல நிக்கறோம், பேச வேண்டியவங்க லிஸ்ட்ல நாங்க இல்ல."

"அப்பறம்?"

"அம்மா திட்டறத நிறுத்திருச்சு. வாயக் கட்டிக்கிட்டு வரப்புல அவனுக்கு முதுகக் காட்டி ஒக்காந்துருச்சு. அதப் பாத்துட்டு மத்த பொம்பளைங்களும் ஒவ்வொருத்தரா திரும்பி ஒக்காந்தாங்க. சத்தமே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு அவன் முதல் தடவையா நிமுந்தான். 'என்னம்மா, சத்தத்தக் காணோம்?'ங்கறான். யாரும் பேசல. தண்ணி கேட்டான், சொம்பு பக்கத்துலயே இருக்கு, யாரும் எடுத்துக் குடுக்கல. 'ஏதாவது சொல்லுங்கம்மா, திட்டவாவது திட்டுங்க'ங்கறான். ஒரு கல்ல ஊனுனான். மீதிக் கல்ல வண்டில ஏத்திட்டுப் போயிட்டான். திரும்ப வருவான், தெரியும். ஆனா நேத்து போயிட்டான்."

அப்பறம் அவன் என் பக்கம் திரும்பி ஒரு வெரல நீட்டுனான். "செல்லக்கண்ணு திட்டறப்ப ஸ்கிப் பட்டன் வெச்சீன்னா நான் இந்த கேமுலயே இல்ல. கேக்கணும் அவன். நின்னு கேக்கணும்."

எனக்கும் சரின்னு பட்டுச்சு. வசனத்த தாண்டிப் போற பட்டன மத்த எல்லாத்துலயும் வெச்சோம், செல்லக்கண்ணுகிட்ட மட்டும் எடுத்துட்டோம்.

வெள்ளிக்கெழம. சென்னைக்காரர் சொன்ன மாதிரியே வந்தாரு, ஒக்காந்ததும் நேரா வயல்ல எறங்குனாரு. தரை தாங்கிச்சு. சூப்பர்னாரு. பயிரு சாஞ்சுது. "ஓ, நல்லாருக்கே"ன்னாரு. செல்லக்கண்ணு ஓடி வந்தா. "எடுபட்ட பயலே, கண்ணு என்ன பொடனிலயா இருக்கு..." சிரிச்சாரு. திட்டு நீளுது. பட்டன அமுக்குனாரு. நடக்கல. ரெண்டு தடவ, மூணு தடவ அமுக்குனாரு. அப்பறம் கைய எடுத்துட்டாரு.

"ஸ்கிப் ஆவல."

"ஆவாது சார்," இளங்கோ சொன்னான்.

"எங்க கம்பெனி ரூல் இது. எந்த வசனமா இருந்தாலும் ஆடறவங்க தாண்டிப் போவ முடியணும். புடிச்சு ஒக்கார வெச்சா கேம அழிச்சிட்டுப் போயிடுவாங்க. இது இல்லாம நான் கையெழுத்து போட முடியாதுங்க. என் வேலையே போயிடும்."

இளங்கோ எந்திரிச்சிட்டான், சேர் கீழ விழுந்துச்சு. முபாரக் தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறான், ஜும்மாவுக்கு நேரமாச்சு. அண்ணே வேர்க்கடலய வெச்சிட்டு என்னப் பாத்தாரு. வசனம் என்னோடது, முடிவும் என்னோடதுன்னு அர்த்தம். அவரு அந்த மாதிரி நேரத்துல வாயே தொறக்க மாட்டாரு, கடுப்பா இருக்கும்.

பட்டன் வெச்சா இளங்கோ போயிடுவான். வெக்கலன்னா எல்லாரும் போயிடுவோம். ரெண்டுல எது பெட்டர்னு மனசுக்குள்ள கணக்கு போட்டுக்கிட்டு இருக்கறப்ப, சென்னைக்காரர் இன்னொரு தடவ சும்மா அந்த பட்டன அமுக்குனாரு. ஸ்க்ரீன்ல செல்லக்கண்ணு பாட்டுக்கு திட்டிக்கிட்டே இருக்கா. அப்பதான் பொறி தட்டுச்சு.

"வெக்கறோம் சார்"ன்னேன். "போயி சாப்ட்டு வாங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மெஸ் இருக்கு, வத்தக்கொழம்பு நல்லாருக்கும். மெதுவா சாப்ட்டு வாங்க."

அவரு எறங்குனதும் இளங்கோ கைப்பைய எடுத்தான். "அவ்ளோதானா கவி?"

"ஒக்காரு. ஸ்கிப் பட்டன அமுக்கலாம். அமுக்குனா வாயக் கட்டிக்குவா. அப்டியே ஒரு பார்வ பாத்துட்டு முதுகக் காட்டித் திரும்பிருவா. அதுக்கப்பறம் அவ அவன்கிட்ட பேச மாட்டா. கேம் முடியற வரைக்கும். அவ மட்டும் இல்ல, அந்த ஊர்ல எந்தப் பொம்பளையும்."

இளங்கோ பைய கீழ வெச்சான்.

வெளியூர்ல வளந்தவங்களுக்கு ஒரு வார்த்த. நம்ம பக்கத்துல திட்டு வாங்குனா ஒறவு இருக்குன்னு அர்த்தம். காலைல மண்ண வாரித் தூத்துனவங்க சாயந்தரம் மோர் குடுப்பாங்க. "அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சு கெடையாது"ன்னு ஒரு வீட்டுல சொல்லிட்டாங்கன்னா, அதான் முடிஞ்சு போனது. எதிர் வீடா இருக்கும். ஒரே வாய்க்காத் தண்ணியா இருக்கும். கல்யாணப் பத்திரிகைய கூட வேற ஆளு கைல குடுத்து விடுவாங்க. முபாரக்க அந்தம்மா இத்தன வருஷம் திட்டுதுன்னா, அவன அது விட்டுக்குடுக்கலன்னு அர்த்தம்.

முபாரக் ஜும்மா முடிச்சு, தொப்பியக் கூட கழட்டாம மூணு மூணு படியா தாவி வந்தான். நான் சொன்னத நின்னுக்கிட்டே கேட்டான். "ஒரு வரி கோட்தான்"னான். அது ஒரு வரி இல்ல, ஆனா ஆளு திரும்பறதுக்குள்ள முடிச்சிட்டான்.

சென்னைக்காரர் வெத்தல மென்னுக்கிட்டே வந்தாரு. எறங்குனாரு, மிதிச்சாரு, செல்லக்கண்ணு வந்தா, "எடுபட்ட"ன்னு ஆரம்பிச்சா, பட்டன அமுக்குனாரு. அவ நிறுத்துனா. பாத்தா. திரும்பிட்டா.

"பெர்ஃபெக்ட்"னாரு.

அப்டியே ஆடிக்கிட்டே போனாரு. மந்திரம் கத்துக்கிட்டாரு, ஒரு குட்டி பூதத்த அடிச்சாரு, அந்த ஊருக்கே திரும்பி வந்தாரு. தாரை தப்பட்டை, மால மரியாதை. கூட்டத்துல எல்லாரும் இவரப் பாத்து கை தட்டுறாங்க. ஓரமா ஒரு வரிசை மட்டும் முதுகக் காட்டி நிக்கிது. செல்லக்கண்ணுகிட்ட போனாரு. பேச்சு வரல. முன்னாடி போயி நின்னாரு. அவ அந்தப் பக்கம் திரும்பிட்டா. வாளக் குடுத்துப் பாத்தாரு. பொன்னக் குடுத்துப் பாத்தாரு. ஒண்ணும் வாங்கல.

"இது மாட்டிக்கிச்சு போல. சரி பண்ணுங்க."

"மாட்டல சார்," முபாரக் சொன்னான். "நீங்கதானே சார் ஸ்கிப் பண்ணீங்க."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் சார்."

அவரு எங்க நாலு பேரையும் ஒவ்வொருத்தரா பாத்தாரு. திரும்ப ஸ்க்ரீன பாத்தாரு. "அப்ப என்னதான் சொல்ல வந்தா இவ?"ன்னு கேட்டாரு. எங்ககிட்ட கேட்ட மாதிரி இல்ல.

கேம முதல்லேர்ந்து ஆரம்பிச்சாரு. ஹீரோ ஊரு எல்லைல நிக்கறான். தூரத்துல மலை. நடுவுல வயலு. சென்னைக்காரர் வரப்புல ஏறுனாரு. ஓடல, மெதுவா நடந்தாரு. வளைஞ்ச எடத்துல வளைஞ்சு, வாய்க்காவ சுத்திக்கிட்டு, அந்த நீட்ட வழி பூரா நடந்தாரு. நடு வயல்ல செல்லக்கண்ணு நிமுந்து, நெத்தில கைய வெச்சு வெய்யில மறைச்சுப் பாத்து, "யாரு தம்பி, எந்த ஊரு?"ன்னா. மனுஷன் மொகத்துல அப்டி ஒரு சிரிப்பு. அந்தக் குட்டி பூதத்த அடிச்சப்ப கூட அது வரல.

கையெழுத்து அங்கயே, வேர்க்கடலத் தோல தட்டி விட்டுட்டு, அதே மேசைல போட்டாரு.

கேம் வெளிய வந்தப்பறம் நமக்கு வந்த மெசேஜெல்லாம் நீங்களே படிச்சிருப்பீங்க. கடைசி வாள் எங்க இருக்குன்னு கேட்டாங்க, ஆமா. ஆனா எங்களத் தூங்க விடாம கேட்டது வேற. குவைத்ல டிரைவரா இருக்கற ஒருத்தர், ரூம்ல படுத்துக்கிட்டு போன்ல ஆடறவரு, எழுதியிருந்தாரு: "பூதத்த கொன்னுட்டேன். ஆறு ஓடுது. செல்லக்கண்ணு அக்கா இன்னும் பேச மாட்டேங்குது. என்ன செஞ்சா பேசும்னு தயவு செஞ்சு சொல்லுங்க." அதுக்கப்பறம்தான் இளங்கோ வழி வெச்சான். எங்கயும் எழுதிப் போடல. வயல்ல எறங்கி, தான் சாச்ச எடத்துல, தானே நாத்து எடுத்து நட்டா பேசுவா. முதல் வார்த்தையா அந்தப் பாதில நின்ன திட்டத்தான் ஆரம்பிப்பா. அந்த குவைத் டிரைவர் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாரு: "திட்டுனுச்சுங்க, ரொம்ப தேங்க்ஸ்."

நீ பெரிய வீரன்னு சொல்றதுக்கு ஆயிரம் கேம் இருக்கு. நீ கால வெச்ச எடத்துல ஒரு ஆளு இருக்கு, அது உன்ன பாத்துச்சுன்னு சொல்றதுக்குத்தான் கேம் கம்மி. அதனால ஸ்கிப் பட்டன தாராளமா வைங்க, அமுக்கறவன திட்டாதீங்க. அமுக்குனா என்ன போவும்ங்கறத மட்டும் நீங்க முடிவு பண்ணுங்க, அதுல கை நடுங்கக் கூடாது.

நீங்க இப்ப சார் சார்னு பயந்து பேசறீங்களே ஒருத்தர், லேட்டா வந்தா கத்துவாரே, அதான் அந்த இளங்கோ. கத்திக்கிட்டு இருக்கற வரைக்கும் பயப்படாதீங்க. அவங்க வயல்ல ஊனுன அந்த ஒத்தக் கல்லு இன்னும் நிக்கிது, தாவா கோர்ட்ல இருக்கு, அவங்கம்மா கல்ல சுத்தி நட்டுருக்காங்க. பொங்கலுக்கு உங்கள எல்லாரையும் வீட்டுக்கு கூப்புடுவான். போங்க.

போறப்ப வரப்புலயே போங்க.